அது அப்படித்தான் என்று சொல்வதற்கு முன்

வெள்ளவத்தைக் கடற்கரையில் நண்டு வளை ஒன்றைக் கண்டால் நான்கு வயதுப் பிள்ளை அரை மணித்தியாலம் குந்தியிருக்கும். வளைக்குள் இருந்து வரும் மண் ஏன் ஒரு பக்கமாகவே கொட்டிக் கிடக்கிறது, உள்ளே எத்தனை பேர், ராத்திரியில் அதற்குப் பயமில்லையா? கூட வந்த பெரியவருக்கு ‘நண்டு’ என்ற ஒரு சொல் போதும். கண் அடுத்ததற்குப் போய்விடும்.

வளர்ந்தவர்களுக்கு வியப்பு குறைவது மனம் மரத்துப்போனதால் அல்ல. பெயர் தெரிந்ததும் பார்வை நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். ஆகவே இதற்கு மருந்து மனநிலையில் இல்லை. பெயர் தெரிந்த பிறகும் இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்பதற்குக் கைக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். கொழும்பில் வேலைக்குப் போய், நெரிசலில் வீடு திரும்பும் ஒருவர் தொடங்குவதற்கான வழி கீழே இருக்கிறது. தொலைநோக்கி வாங்க வேண்டாம். முதல் மாதத்திலேயே வாங்கியவர்களுடைய தொலைநோக்கி பெரும்பாலும் அலுமாரிக்கு மேல்தான் இருக்கும்.

கொப்பியில் தொடங்குங்கள்

80 பக்கக் கொப்பி ஒன்று, பென்சில் ஒன்று, 30 செ.மீ. அடிமட்டம் ஒன்று. ஒரு நாளைக்கு ஒரு பதிவு. அதில் மூன்றே விஷயம்: இன்று கண்டது, அதில் எனக்குத் தெரியாதது, அதற்கு என் ஊகம் இரண்டு.

இரண்டு ஊகம் கட்டாயம். ஒன்று மட்டும் எழுதினால் அதையே உண்மை என்று நம்பிவிடுவோம். இரண்டு எழுதினால் எது சரி என்று தீர்க்கத் திரும்பவும் போய்ப் பார்க்க வேண்டி வரும். அந்த இரண்டாவது பார்வைக்காகத்தான் இந்த ஏற்பாடே. எழுதி 24 மணித்தியாலம் ஆகும்வரை கைத்தொலைபேசியில் விடை தேடக் கூடாது.

ஒன்றைச் செய்து பார்ப்போம். பேரை வாவிக் கரையில் நீர்க்காகம் ஒன்று சிறகு இரண்டையும் விரித்தபடி அசையாமல் நிற்கிறது. ஊகம் ஒன்று: சிறகைக் காய வைக்கிறது. ஊகம் இரண்டு: குளிர் காய்கிறது. இப்போது பார்ப்பதற்கு வேலை வந்துவிட்டது. முதுகு வெயிலுக்கா, காற்றுக்கா? தண்ணீரில் மூழ்கி வந்தவுடனா, நெடுநேரம் கழித்தா? பக்கத்தில் நிற்கும் கொக்கு ஏன் அப்படிச் செய்வதில்லை? அடுத்த நாள் விடை தேடும்போது, நீர்க்காகத்தின் இறகு வாத்தின் இறகைப் போலத் தண்ணீரை முழுக்கத் தள்ளிவிடாது, நனையும், நனைந்தால் மூழ்கி மீன் பிடிப்பது இலகு என்று படிப்பீர்கள். கொக்கு மூழ்குவதில்லை என்பது அப்போது தானாக நினைவுக்கு வரும். கேள்வி இல்லாமல் இதே வரியைப் படித்திருந்தால் மறுநாளே மறந்திருக்கும்.

இந்தக் கொப்பியில் ‘அழகாக இருந்தது’ என்று எழுதத் தடை. அது பார்வையை முடித்துவைக்கும் சொல். எத்தனை, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். கவிதை வந்தால் வேறு கொப்பியில் வரட்டும்.

வேலை நாளில் பத்து நிமிடம்

காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் அதுவே போதும். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு பொருளை எடுங்கள். தினமும் மாற்றினால் எதுவும் ஒட்டாது. ஜூலை, ஓகஸ்ட் மாதம் என்றால் மேகத்தை எடுக்கலாம். பஸ் சிக்னலில் நிற்கும்போது ஒரு கட்டடத்தின் விளிம்பை அடையாளமாக வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் பாருங்கள். தாழ்வான மேகம் கடல் பக்கமிருந்து தரைக்கு வரும். அதற்கு மேலே, இடைவெளியில், பஞ்சைப் பிய்த்தது போன்ற உயர்ந்த மேகம் தெரிந்தால் அதற்கும் அதே கட்டடத்தை வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் எதிர்த்திசையில் போகும். தென்மேல் பருவக்காற்று கீழே ஒரு பக்கம் வீச, பல கிலோமீட்டர் உயரத்தில் கீழைக்காற்று மறுபக்கம் வீசுகிறது. தலைக்கு மேல் இரண்டு ஆறுகள் எதிரெதிரே ஓடுவதை நெரிசலில் இருந்தபடியே காணலாம். பஸ் ஓடும்போது பார்த்தால் மேகம் ஓடுகிறதா நாம் ஓடுகிறோமா என்று தெரியாது. சிக்னலுக்குத்தான் காத்திருக்க வேண்டும். கொழும்பில் அதற்குப் பஞ்சமில்லை.

சனிக்கிழமை மாலை நேரம் இருந்தால் விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் போகலாம். பொழுது சாயும் வேளையில் பெரிய வௌவால்கள் மரத்தை விட்டுக் கிளம்பும். வௌவால் ஒலி எழுப்பி அதன் எதிரொலியால் வழி அறிகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். இந்தப் பழந்தின்னிகளுக்கு அந்த வித்தை கிடையாது. கண்ணையும் மூக்கையும் நம்பியே பறக்கின்றன. ஒன்று கிளம்பிய நேரத்தையும் திசையையும் மட்டும் குறித்து வாருங்கள்.

போயாவுக்கு நிலா

ஒவ்வொரு பௌர்ணமியும் இலங்கையில் போயா விடுமுறை. நேரமில்லை என்ற சாக்கு அன்று செல்லாது.

கொழும்பில் கடல் மேற்கே. முழுநிலா எழுவது கிழக்கே, கட்டடங்களுக்குப் பின்னால். ஆகவே நிலா எழுவதைப் பார்க்கக் காலிமுகத்திடலுக்குப் போய்க் கடலைப் பார்த்துக் காத்திருப்பவர் ஏமாறுவார். தொடர்மாடியின் மொட்டை மாடியில், கிழக்குப் பக்கச் சுவரோரம், சூரியன் மறையும் நேரத்தில் நில்லுங்கள். கையோடு ஒரு கடலைப்பருப்பு.

நிலா வீடுகளுக்கு மேலே பெரிதாக, மஞ்சளாக வந்ததும் பருப்பை இரு விரலால் பிடித்து, கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி நிலாவை மறையுங்கள். அவ்வளவு பெரிய நிலா ஒரு பருப்புக்குள் அடங்கிவிடும். இரவு 10 மணிக்கு, நிலா உயரப் போய்ச் சிறுத்துவிட்டது போலத் தெரியும்போது திரும்பவும் அதே பருப்பு. அதே அளவுதான். நிலாவின் அகலம் வானத்தில் அரைப் பாகைதான். கை நீட்டிய தூரத்தில் அது ஏறத்தாழ 5 மி.மீ. அடிவானத்தில் பெரிதாகக் காட்டுவது நம் மூளை. இதைச் சொல்லக் கேட்டவர் தலையாட்டுவார். பருப்பைப் பிடித்துப் பார்த்தவர் நிச்சயம் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

அத்துடன் நிற்காதீர்கள். இரவு 7 மணிக்கு நிலாவில் தெரியும் கறுப்புத் திட்டுகளைக் கொப்பியில் ஒரு வட்டத்துக்குள் வரையுங்கள். முயலோ, வடை சுடும் பாட்டியோ, உங்கள் வீட்டில் சொன்னது எதுவோ. மறுநாள் விடிய 5 மணிக்கு, நிலா கடலுக்கு மேலே இறங்கும்போது, திரும்ப வரையுங்கள். படம் ஏறத்தாழத் தலைகீழாகக் கவிழ்ந்திருக்கும். நிலா திரும்பவில்லை, கிழக்கே பார்த்து நின்ற நீங்கள் மேற்கே பார்த்துத் திரும்பிவிட்டீர்கள். எழும்போது முன்னுக்கு வந்த விளிம்புதான் மறையும்போதும் முதலில் கடலைத் தொடும். கொழும்பு நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் இது இவ்வளவு முழுமையாக நடக்கிறது. வடக்கே தூர நாடுகளில் இருப்பவர்களுக்குப் படம் சரிவதோடு சரி, கவிழாது.

பிழை வரும் இடம் ஒன்று: 5 மணிக்கு எழும்ப மாட்டோம். முதல் மாதம் இரவு 7 மணிப் படம் மட்டும், அடுத்த மாதம் விடியற்காலைப் படம் மட்டும் என்று பிரித்தாலும் பரவாயில்லை, முயல் அதே இடத்தில்தான் இருக்கும்.

காலிமுகத்திடலில் பட்டம்

1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் இந்தத் திடலின் கடலோர நடைபாதை முடிந்தபோது, கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக அடுத்து வருபவர்களிடம் ஒப்படைப்பதாகக் கல்லில் பொறித்து வைத்தார்கள். நாற்பது வயதில் பட்டத்தோடு அங்கே போகக் கூச்சமாக இருந்தால் அந்தக் கல்லை நினைத்துக்கொள்ளலாம். உண்மையில் கூச்சம் முதல் பத்து நிமிடம்தான். பட்டம் ஒரு முறை விழுந்தால் போதும், இறால் வடை தின்றுகொண்டிருந்தவர் எழுந்து வந்து நூலைப் பிடித்துத் தருவார்.

யாழ்ப்பாணத்தில் பட்டக் காலம் தைப்பொங்கலை ஒட்டியது. அங்கே அப்போது வாடைக்காற்று. கொழும்பில் நேர்மாறு. தென்மேல் காற்று கடலிலிருந்து நிதானமாக வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை, பின்னேரம் 3.30 முதல் 5.30 வரை. டிசெம்பர், ஜனவரிக் காலைகளில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும்; அப்போது விட்ட பட்டம் இந்து சமுத்திரத்துக்குச் சொந்தம்.

கடையில் வாங்கிய பட்டமும் பறக்கும். ஆனால் அது ஏன் பறக்கிறது என்ற கேள்வி, சொந்தமாகக் கட்டியது விழும்போதுதான் வரும். ஆகவே ஒரு தடவையாவது கட்டுங்கள்.

நெடுக்குக்கு 75 செ.மீ., குறுக்குக்கு 65 செ.மீ. மூங்கில் சிம்பு, தடிப்பு 4 மி.மீ. அளவு. ஈர்க்கு இந்த அளவுக்குத் தாங்காது, சின்னப் பட்டத்துக்குத்தான் சரி. குறுக்குச் சிம்பின் நடுவை விரல் நுனியில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்தைச் சீவுங்கள். இதை விட்டவர்களின் பட்டம்தான் ஒரே பக்கமாகச் சுழன்று விழுகிறது. பிறகு எவ்வளவு வால் கட்டினாலும் திருந்தாது. நெடுக்கின் உச்சியிலிருந்து 19 செ.மீ. கீழே குறுக்கை வைத்து நூலால் பெருக்கல் குறியாகச் சுற்றிக் கட்டுங்கள். நான்கு முனையிலும் சிறு வெட்டுப் போட்டுச் சுற்றிவர நூல் இழுத்துக் கட்டினால் சட்டம் தயார்.

பசைக்கு ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவை அரைக் கோப்பைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சுங்கள். கூழ் போலத் தடித்தால் தாள் பாரமாகும்; கொஞ்சம் இளக்கமாக இருக்கட்டும். டிஷ்யூத் தாளைச் சட்டத்தை விட 2 செ.மீ. பெரிதாக வெட்டி, ஓர நூலின் மேல் மடித்து ஒட்டி, நிழலில் ஒரு மணித்தியாலம் காய விடுங்கள். காய்ந்த பிறகு குறுக்குச் சிம்பின் இரு முனைகளையும் பின்பக்கமாக ஒரு நூலால் இழுத்து, நடுவில் 5 செ.மீ. வளைவு வரும்படி கட்டுங்கள். அந்த வளைவு படகின் அடிப்பாகம் போல. பட்டம் ஒரு பக்கம் சரிந்தால் தானாக நிமிரும்.

இனி முச்சை. பட்டத்தின் உயிர் இதில்தான். ஒரு நூலை, குறுக்கும் நெடுக்கும் சந்திக்கும் இடத்தில் தாளைத் துளைத்துக் கட்டுங்கள். மறு முனையை நெடுக்கின் அடியிலிருந்து 12 செ.மீ. மேலே கட்டுங்கள். பறக்கும் நூலைக் கட்டும் முடிச்சு, மேல் கட்டிலிருந்து 35 செ.மீ., கீழ்க் கட்டிலிருந்து 55 செ.மீ. தூரத்தில் வர வேண்டும். அது நகர்த்தக்கூடிய சுருக்காக இருக்கட்டும். திடலில் எப்படியும் மாற்ற வேண்டி வரும். வாலுக்குப் பழைய சேலைக் கரையை 2 செ.மீ. அகலத்தில் கிழித்து 5 மீட்டர்.

திடலில் கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். 20 மீட்டர் நூல் விட்டு, உதவிக்கு வந்தவர் வீதிப் பக்கமாகப் போய்ப் பட்டத்தைத் தலைக்கு மேல் நிமிர்த்திப் பிடிக்கட்டும். காற்று வந்ததும் அவர் கையை விட்டால் போதும், எறியத் தேவையில்லை. நீங்கள் ஓடவும் வேண்டாம். ஓடினால்தான் பறக்கும் என்றால் அன்று காற்றுப் போதாது, அல்லது முச்சை பிழை. கொடிக்கம்பத்துக் கொடி முழுதாக விரிந்து ஆடினால் காற்றுச் சரி. சடசடவென்று அடித்தால் டிஷ்யூத் தாள் கிழியும், வீட்டுக்குப் போங்கள்.

பட்டம் நூலை இழுத்துக்கொண்டு தள்ளாடுகிறது, மேலே ஏற மறுக்கிறது என்றால் முச்சை முடிச்சை ஒரு செ.மீ. மேலே நகர்த்துங்கள். விர்ரென்று உச்சிக்குப் போய், நூல் தளர்ந்து, தலை குப்புற வந்தால் ஒரு செ.மீ. கீழே. இந்த ஒரு செ.மீ.க்குப் பட்டம் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். விமானச் சிறகின் சாய்வு முழுவதும் அந்த முடிச்சுக்குள் இருக்கிறது. சுழன்றால் வாலில் ஒரு மீட்டர் கூட்டுங்கள்.

60 மீட்டர் நூல் போதும். அதற்கு மேல் விட்டால் பட்டம் காலி வீதிக்கு மேல் போகும். அறுந்த நூல் மோட்டார் சைக்கிளில் வருபவரின் கழுத்தை வெட்டும். கண்ணாடித் தூள் பூசிய நூல் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கரையோரத்தில் ரயில் பாதை இருப்பதால் அங்கேயும் வேண்டாம். இரத்மலானை விமான நிலையத்தின் பக்கமும் வேண்டாம். 6 மணிக்கு மேல் உப்பு ஈரம் ஏறித் தாள் தொய்யும், நேற்றுப் பறந்தது இன்று ஏன் பறக்கவில்லை என்ற புதிருக்கு அநேகமாக அதுதான் விடை.

யாழ்ப்பாணத்துக்காரர் யாராவது பக்கத்தில் வந்து, “விண் பூட்டேல்லையோ?” என்று கேட்டால் பேச்சுக் கொடுங்கள். காற்றில் கூவும் விண் கட்டுவது தனி வித்தை, எழுத்தில் படித்து வராது.

ஏப்ரல் 7: நிழல் காணாமல் போகும் நண்பகல்

ஒவ்வொரு ஏப்ரலிலும் ‘சூரியன் உச்சம் கொடுக்கும்’ என்று செய்தியில் சொல்வார்கள். நாம் வெக்கையைப் பற்றிப் புறுபுறுத்துவிட்டு விட்டுவிடுவோம். ஏப்ரல் 5 அளவில் நாட்டின் தென்முனையில் தொடங்கி, 15 அளவில் வடமுனை வரை சூரியன் ஒவ்வோர் ஊருக்கும் நேர் மேலே வருகிறது. கொழும்புக்கு ஏப்ரல் 7 அளவில், பிற்பகல் 12.12ஐ ஒட்டி.

மொட்டை மாடியில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, தரை மட்டமா என்று பாருங்கள். மட்டமான இடத்தில் 30 செ.மீ. பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை நிமிர்த்தி வையுங்கள். குழாயின் வாய் நேராக வெட்டப்பட்டிருக்க வேண்டும். கோணலாக இருந்தால் முழு முயற்சியும் வீண். 12.00 மணிக்கே போய்விடுங்கள். நிழல் ஒரு நிமிடத்துக்கு ஒரு மி.மீ.க்குச் சற்று அதிகமாகக் குறுகும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பென்சிலால் குறியுங்கள். 12.12 அளவில் குழாயின் அடிவரை வெயில் இறங்கி, வெளியே நிழல் இல்லாமல் போகும். உங்கள் நிழல் உங்கள் காலடிக்குள் இருக்கும். தெருவில் விளக்குக் கம்பங்கள் தரையில் குத்தி வைத்த படம் போலத் தெரியும். சூரியனை நிமிர்ந்து பார்க்க வேண்டாம், ஒரு கணமும். பார்க்க வேண்டியதெல்லாம் தரையில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் சித்தியோ மாமாவோ இருந்தால் அன்று அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஒரு மீட்டர் கம்பு ஒன்றை முற்றத்தில் தூக்குக்குண்டு பார்த்து நிமிர்த்தி, அதே நேரத்தில் நிழலை அளக்க வேண்டும். 4.8 செ.மீ. அளவில் வரும். நிழலின் நுனி கூராக இராது. சூரியன் புள்ளியல்ல, தட்டு என்பதால் 9 மி.மீ. அகலத்துக்கு மங்கலாக இருக்கும். கம்பின் உச்சியில் 5 மி.மீ. ஓட்டை போட்ட அட்டையை ஒட்டினால் தரையில் வட்ட ஒளிப்பொட்டு விழும். ஓட்டைக்கு நேர் கீழிருந்து அந்தப் பொட்டின் நடு வரை அளந்தால் சரியாக வரும்.

இப்போது கொப்பியில் ஒரு வகுத்தல். நிழல் கம்பில் எத்தனை பங்கோ, இரண்டு ஊருக்கும் இடையிலான தூரமும் பூமியின் மையம் வரையான தூரத்தில் ஏறத்தாழ அத்தனை பங்கு. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் தெற்கு வடக்காக உள்ள தூரம் 305 கி.மீ. அளவு, வீதித் தூரத்தைப் போடக் கூடாது, பெரும்பாலான கணக்குகள் அங்கேதான் பிழையாகின்றன. நிழல் 4.8ஐக் கம்பு 100ஆல் வகுத்தால் 0.048. 305ஐ 0.048ஆல் வகுத்தால் 6,354. பூமியின் மையத்துக்கு உங்கள் மொட்டை மாடியிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதற்கு அதுதான் விடை. உண்மையான சராசரி 6,371. நிழலை 2 மி.மீ. பிழையாக அளந்தால் விடை 250 கி.மீ. அளவுக்கு விலகும், அதற்குக் கவலைப்பட வேண்டாம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனீஸ் பூமியை அளக்க எகிப்தில் சயீன், அலெக்சாந்திரியா என்ற இரண்டு ஊர்களை வைத்துச் செய்த கணக்கின் தம்பி இது. அவரிடம் தொலைபேசி இல்லை. உங்களுக்கு மாமா இருக்கிறார்.

மேகம் மூடிவிட்டால் மறுநாள் செய்யலாம். ஒரு நாள் பிந்தினால் 30 செ.மீ. குழாயில் 2 மி.மீ. நிழல்தான் மிஞ்சும். அதுவும் தவறினால் செப்டெம்பர் 5 அளவில், 12.09ஐ ஒட்டி, சூரியன் தெற்கே திரும்பும் வழியில் இன்னொரு தடவை வரும்.

யாழ்ப்பாணத்தின் முறை ஏப்ரல் 14 அளவில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வருகிறது. அன்று எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். மாமாவின் கம்புக்கு நிழல் இராது; கிணற்றுச் சுவரின் எந்தப் பக்கத்திலும் நிழல் விழாமல் வெயில் அடிவரை இறங்கும். தண்ணீரில் தெரியும் சூரியனை உற்றுப் பார்க்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள். கொழும்பில் நீங்களும் ஒரு மீட்டர் கம்பை நிறுத்துங்கள். இந்தத் தடவை நிழல் உங்களிடம் வந்திருக்கும், அதுவும் தெற்குப் பக்கமாக. எத்தனை செ.மீ. என்று அளந்து, மாமா 7ஆம் திகதி சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.